நிரந்தர முகவரி

நன்னடத்தை அலுவலகத்திலிருந்து வந்த கௌரிமலர் மிஸ்
சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
வள்ளத்திலிருந்து எங்கள் படகுக்குத் தாவுகையில்
நழுவிய கோப்பைத் தண்ணீர் தொடுமுன்
எட்டிப் பிடித்தவன் மூத்தவன் டிலக்சன்.
அதை அவ படிவத்தில் எழுதவில்லை.

ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து
இருநூறு யார் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கிறோம்.
முப்பத்தொரு அடி. ஒரு பாய்மரம்.
இரண்டு பிள்ளைகள், ஒற்றை அடுப்பு,
மார்கழியில் எதற்கும் காயாத உடுப்புகள்.

யாரோ முறைப்பாடு கொடுத்திருக்கினமாம்.
யாரோ இல்லை, றெஜினோல்டின் அக்கா.
வேலணையில் மாடிவீடு. கிழமைக்குக் கிழமை
அந்தோனியாருக்கு எங்கள் பெயரில் மெழுகுதிரி.
கோபமில்லை எனக்கு. மெழுகுதிரிக்கும் காசுதானே.

முதற் கட்டம்: நிரந்தர முகவரி.
கடலின் இந்தத் துண்டு எந்தப் பிரிவு என்று
கிராம சேவகர் மாசியில் கச்சேரிக்கு எழுதினவர்.
பதில் இல்லை.
பள்ளிக்கூடத்திலும் கேட்டார்கள்,
வீட்டிலிருந்து நேர்கோட்டுத் தூரம் எவ்வளவு என்று.
எந்தக் காற்றில் என்றேன்.
அதிபர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

அடுத்தது: பிள்ளை விழுந்தால்?

சொல்லாதே என்று றெஜினோல்ட் கண்ணைக் காட்டினார்.
விழுந்தவள் மிஸ், என்றேன்.

போன ஆவணி. சோளகம் இறுக்கிய பின்னேரம்.
எழுவைதீவு தாண்டி
அபிஷனா இடுப்புப் பட்டியைக் கழற்றிவிட்டு
ஒரு சிவப்பு வாளிக்காகக் குனிந்தாள்.
படகைத் திருப்பிக்கொண்டு வர நாலு நிமிடம்.
அவர் சுக்கானில். மகன் பாய்க்கயிற்றில்.
மூன்றாவது ஆளுக்கு ஒரே வேலை,
பிள்ளை இருக்கும் இடத்துக்கு விரலை நீட்டியபடி நிற்பது.
குளறக் கூடாது.
கயிறு எடுக்கவும் திரும்பக் கூடாது.
அலை தலையை மறைத்தாலும்
விரல் அங்கேயே நிற்க வேணும்.
விரல் தவறினால்
கடலெல்லாம் ஒரே இடம்.

நாலு நிமிடம் நான் தாயில்லை.
ஒரு விரல்.

வாளியைக் கவிழ்த்துப் பிடித்து
அதற்குள் அகப்பட்ட காற்றில் மிதந்துகொண்டிருந்தாள்.
யார் பழக்கியது என்று கேட்டதற்கு
'வாளியை விட்டால் ஏசுவீங்கள்' என்றாள்.

ஆபத்துத்தான் மிஸ், எழுதுங்கோ.
இன்னொன்றும் இருக்கு, அதுக்குக் கட்டம் இல்லை.
கோபித்துக்கொண்டு போய் அறைந்து சாத்த
இங்கே கதவு கிடையாது, சேலைத்துண்டுதான்.
அவர் அணியத்தில், நான் கடையாரில்,
நடுவில் இரண்டு பிள்ளைகள்
ஒரு பக்கமும் பாராமல் சோறு தின்னும்.
நீரோட்டம் திரும்பினால்
கரைக்குக் கிட்ட இருந்த ஆள் கடலுக்குக் கிட்ட.
யார் பிழை என்பது அதோடு குழம்பிப் போகும்.
சில நாள் குழம்பாது.

'எண்டாலும் வீடெண்டால் ஒரு பாதுகாப்புத்தானே.'
கல்வீட்டில் பிறந்தவள் நான்.
கூரை எங்கே போனதென்று அவ கேட்கவில்லை.
அவவின் வயதைப் பார்த்தால்
அவவிடமும் அப்படி ஒரு கூரை இருந்திருக்கும்.
இருவரும் கொஞ்சநேரம் கடற்கோட்டையைப் பார்த்தோம்.

மீன்பிடி றோலர் ஒன்று கடந்துபோக
அலை எங்களைத் தூக்கி, யோசித்து, இறக்கியது.
மிஸ்ஸின் முகம் வெளிறிப்போனது.
அபிஷனா உள்ளே ஓடி
அந்தச் சிவப்பு வாளியையே கொண்டுவந்து நீட்டினாள்.

கடிதம் இன்னும் வரவில்லை.
எங்கே வரும்.

காலையில் பிள்ளைகளை வள்ளத்தில் கொண்டுபோய்
பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.
பனைகளுக்குள் மறைகிறது பஸ்,
தெரிகிறது, மறைகிறது.
பாண் வாங்க வந்த ஒருவர் நின்று கேட்கிறார்:
'ஆருக்குப் பிள்ளை
கையை நீட்டிக்கொண்டு நிக்கிறாய்?'